களை கெடாத அடுப்படி

கூழாங்குளத்து வீராச்சாமி கூட்டத்தை உங்களுக்குத் தெரியாது என்றால், உங்கள் வீட்டுச் சுவரெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். தவமணி வீட்டு அடுப்படியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கூட்டம் என்றால் மூன்றே பேர். மூவரும் கொத்தனார்கள். வீராச்சாமிதான் தலைவன், யோசிக்கிற வேலை அவனுடையது. மொக்கையன் அவன் சித்தப்பா மகன். யோசித்ததை மெச்சுகிற வேலை அவனுக்கு. சின்னக்காளை பெயருக்குத்தான் சின்னவன், நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் எந்த வீட்டுக்குள்ளும் அவன் நுழைந்ததில்லை. அவனுக்குச் சந்தேகம் மட்டும் வரும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. அவர்கள் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் மயிரிழை பிசகாது. ஒரு சுவராவது விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. கஷ்டமே அதில்தான். ஏனென்றால் மூவரும் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். பால்கார மாயாண்டி தன் தொழுவத்துக்குக் குறுக்குச் சுவர் வைக்கச் சொல்லிவிட்டு, மாடு நிறைமாசமாக இருக்கிறது, அதை அசைக்காமல் வேலை பாருங்கள் என்று சொல்லிப் போனார். அவர்கள் அசைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் மாட்டின் தலை ஒரு அறையில், வால் இன்னொரு அறையில். நடுவே சுவர், மாட்டின் வயிற்றுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. தீவனம் வைக்க ஒரு வாசல், சாணி அள்ள ஒரு வாசல் என்று மாயாண்டி கொஞ்சநாள் தொழுவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

இதெல்லாம் தெரிந்தும் தவமணி அவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஊரிலிருந்த மற்ற கொத்தனார்கள் எல்லோரும் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள்.

தவமணி ஏலக்காய் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். அவர் வீட்டு அடுப்படி அவருடைய அப்பா கட்டியது. தேக்கு உத்தரம், சுவரில் மாடக்குழிகள், மேலே நாட்டு ஓடு, மூலையில் மண் அடுப்பு. அதில் ஒரு ஆணி அடிக்கவும் தவமணி விடமாட்டார். அவர் மனைவி செங்கமலத்துக்கு அந்த அழகெல்லாம் இடுப்பில் வலித்தது. அடுப்பு தரையில், அம்மி தரையில், ஆட்டுக்கல் தரையில். கேஸ் அடுப்பும் மிக்ஸியும் வாங்கி வருஷமாகியும், வைக்க மேடை இல்லாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. குனிந்து குனிந்து தன் இடுப்பு போனதுதான் மிச்சம், இவர் களையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த அம்மா சொல்லாத நாள் இல்லை.

இந்த நேரத்தில்தான் திருப்பூரிலிருந்து சம்பந்தி முத்தையா திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். மகள் கல்யாணத்தில் ரசத்தில் உப்புக் கம்மி என்று பந்தியிலேயே சொன்னவர் அவர். அதன் பிறகு எந்த வீட்டில் விருந்து சாப்பிட்டாலும், "கூழாங்குளத்து ரசம் மாதிரி இல்ல, உப்பு சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செங்கமலத்துக்கு அது நெஞ்சில் முள். இந்தத் தடவை அவர் வாயை அடைக்கிற மாதிரி ஒரு விருந்து போட வேண்டும், அதற்கு நிமிர்ந்து நின்று சமைக்க ஒரு அடுப்படி வேண்டும் என்று அந்த அம்மா ஒரே பிடியாக நின்றார். தவமணி இறங்கி வந்தார்.

இருவரும் திருப்பூர் போய், நாலைந்து நாள் தங்கி, சம்பந்தி வீட்டாரைக் கையோடு அழைத்து வருவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று ஏற்பாடு. பஸ் ஏறப் போகும்போது வாசலில் நின்றபடியே சொன்னார்கள்.

"ஏப்பா வீராச்சாமி, அடுப்படியோட களை மட்டும் போயிரக் கூடாது," என்றார் தவமணி. "மேல இருக்கிற ஓட்டை மாத்திராதீங்க. அது எங்கப்பா போட்டது."

"நான் இனிமே குனியவே கூடாது. அவ்வளவுதான்," என்றார் செங்கமலம்.

மறுபடியும் சண்டை வந்துவிடாமல் தவமணியே முடித்து வைத்தார். "பழசும் புதுசும் சரிசமமா இருக்கணும். புரிஞ்சதா?"

மூவருக்கும் நன்றாகப் புரிந்தது.

முதல் வேலையாகக் களையைத் தேடினார்கள். அடுப்படிக்குள் மூலை முடுக்கெல்லாம் பார்த்தும் ஒரு புல்கூட அகப்படவில்லை. சின்னக்காளை பயந்துவிட்டான். இருந்த களை போய்விட்டது என்று ஐயா பழியை நம் தலையில் கட்டுவாரே என்றான். கடைசியில் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், சுவர் விரிசலில், ஒரு குப்பைமேனிச் செடி இரண்டு இலையோடு நிற்பதை மொக்கையன் கண்டுபிடித்தான். மூவரும் அதற்கு முன்னால் உட்கார்ந்து மூச்சு விட்டார்கள்.

"இவ்வளவு பெரிய அடுப்படிக்கு ஒத்தைக் களை எப்படிண்ணே காணும்?" என்று கேட்டான் சின்னக்காளை.

"அதான். அதுவும் போயிருச்சுன்னா ஐயாவுக்கு என்ன பதில் சொல்றது?" என்றான் வீராச்சாமி. "கையிருப்பு வேணும்."

பக்கத்து வயல்காரரிடம் போய்க் கொஞ்சம் களை கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டார்கள். அவர் அன்றுவரை அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் வயல் முழுவதையும் பொழுது சாய்வதற்குள் சுத்தம் செய்து, கோரையும் அருகும் குப்பைமேனியுமாகக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, மாடக்குழியிலும் சுவர் ஓரத்திலும் மண் போட்டு நட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். வயல்காரர் வாசல் வரைக்கும் வந்து, அடுத்த வாரம் சோளக்கொல்லையில் இன்னும் நல்ல களை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொக்கையன் இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தான். "இப்பத்தாண்ணே அடுப்படி களை கட்டுது," என்றான்.

அடுத்தது கூரை. தவமணி சொன்னது அவருடைய அப்பா வேய்ந்த நாட்டு ஓட்டை. ஆனால் வீராச்சாமி அண்ணாந்து பார்த்தபோது அவன் கண்ணில் பட்டது வேறு. எப்போதோ குரங்கு குதித்ததில் நடுக்கூரையில் ஒரு ஓடு உடைந்து, தட்டு அகலத்துக்கு வானம் தெரிந்தது.

"எவ்வளவு நேர்த்தியாப் போட்டிருக்காரு பாருங்கண்ணே, அந்தக் காலத்து ஆளு," என்றான் மொக்கையன்.

"ஓட்டையில கை படக் கூடாது," என்றான் வீராச்சாமி. "சுத்தியிருக்கிற ஓடெல்லாம் பழசாயிருச்சு. அதை மட்டும் பக்குவமாக் கழட்டிட்டுப் புதுசு போட்டுருவோம்."

ஓட்டைக்குச் சேதம் வராமல், அதைச் சுற்றியிருந்த ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கழற்றக் கழற்ற ஓட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. மாலைக்குள் கூரை முழுவதும் ஓட்டையாகிவிட்டது. மூவரும் உத்தரத்தில் உட்கார்ந்து அந்தப் பெரிய ஓட்டையைப் பார்த்தார்கள்.

"அண்ணே, இதுல ஐயாவோட அப்பா போட்ட ஓட்டை எதுண்ணே?" என்றான் சின்னக்காளை.

வீராச்சாமி வெகுநேரம் யோசித்தான். அடுப்புக்கு நேர் மேலே என்று அவனுக்கு ஞாபகம். தண்ணீர்ப் பானைக்கு மேலே என்று மொக்கையன் சத்தியம் செய்தான். சின்னக்காளைக்கு வாசல் பக்கம் என்று தோன்றியது. ஒருவர் ஞாபகத்தை இன்னொருவர் தட்டிப் பேசுவது நன்றாக இருக்காது. ஆகவே புது ஓடு வேயும்போது மூன்று இடத்திலும் ஒவ்வொரு ஓட்டை விட்டார்கள். ஐயா வந்து தன் அப்பா போட்டது எது என்று அடையாளம் காட்டட்டும், மற்ற இரண்டையும் அடைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. மறுநாள் சாயங்காலம் சாரல் பெய்தது. மூன்று ஓட்டை வழியாகவும் நனைந்து களை இன்னும் செழித்தது.

பிறகுதான் சரிசமம் என்கிற பெரிய வேலை. விறகுக்கடையிலிருந்து ஆள் உயரத் தராசு ஒன்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அடுப்படி நடுவில் கட்டினார்கள். ஒரு தட்டில் பழசு: அம்மி, ஆட்டுக்கல், உரல், வெண்கலப் பானை. இன்னொரு தட்டில் புதுசு: கேஸ் அடுப்பு, மிக்ஸி, மேடைக்கு வாங்கி வைத்திருந்த கிரானைட் பலகை. பழசு தரையில் உட்கார்ந்தது. புதுசு உத்தரத்தில் போய் இடித்தது.

சிமெண்டு புதுசுதான் என்று மொக்கையன் கண்டுபிடித்தான். மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். தராசு கிட்டத்தட்ட நேருக்கு வந்தது. இன்னும் கொஞ்சம்தான் குறை. ஆனால் வேறு புதுப் பொருள் எதுவும் வீட்டில் இல்லை. வீராச்சாமியின் பார்வை சின்னக்காளை மேல் விழுந்தது.

"இவன் புதுசா, பழசா?"

"நான் பொறந்து ரொம்ப நாளாச்சுண்ணே," என்று சின்னக்காளை ஒப்புக்கொண்டான்.

"நேத்துத்தானே முடி வெட்டினே?"

"ஆமாண்ணே."

"அப்ப தலை புதுசு. தலையை மட்டும் வையி."

சின்னக்காளை தரையில் நின்றபடி குனிந்து, சிமெண்டு மூட்டை மேல் தலையை வைத்து அழுத்தினான். முள் நடுவில் வந்து நின்றது. மொக்கையன் கை தட்டினான். வீராச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. சின்னக்காளையின் தோளைத் தொட்டு, "ஐயா வர்ற வரைக்கும் நீ அடுப்படியை விட்டு வெளிய போயிராத. நீ போனா சரிசமம் போயிரும்," என்றான். சின்னக்காளைக்குக் கண் கலங்கியது. தன் தலைக்கு இப்படி ஒரு மதிப்பு வரும் என்று அவன் நினைத்ததே இல்லை.

மிச்சமிருந்தது செங்கமலத்தின் இடுப்பு. இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டிப் பலகை பதித்து, அடுப்பு, மிக்ஸி, அம்மி, அரிசி, பருப்பு, புளி எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றினார்கள். இந்த இடத்தில் அவர்கள் நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை. மொக்கையன் பரீட்சை பார்க்கிறேன் என்று மேடையிலிருந்து ஒரு கரண்டியைக் கீழே போட்டான். அதை எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே திகைத்து நின்றான்.

"அண்ணே, குனிய வேண்டியிருக்குண்ணே."

"தரை பள்ளத்துல இருக்குடா. அதான் கோளாறு," என்றான் வீராச்சாமி.

சுவர் ஓரத்துக் களையைப் பத்திரமாகப் பிடுங்கி வைத்துவிட்டு, மண்ணும் கல்லும் கொட்டித் தரையை மேடை உயரத்துக்குக் கொண்டுவந்து, களையை மறுபடி நட்டார்கள். இப்போது மேடை காலடியில் இருந்தது. அடுப்பை எட்டக் குனிய வேண்டியிருந்தது. மேடையை உயர்த்தினார்கள். கரண்டி விழுந்தது. தரையை மறுபடி உயர்த்தக் கல்லைத் தூக்கும்போது சின்னக்காளையின் புதுத் தலை உத்தரத்தில் மோதியது. அதை ஒரு எல்லையாக எடுத்துக்கொண்டு வேலையை நிறுத்தினார்கள். கரண்டி விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றான் மொக்கையன்.

சின்னக்காளை தலையைத் தடவிக்கொண்டே வாசலைப் பார்த்தான். தரை இடுப்பளவு எழும்பியதில் வாசல் குட்டையாகி, ஆடு நுழைகிற அளவுக்கு இருந்தது.

"அண்ணே, அம்மா உள்ள வரணும்னா குனியணுமே."

மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். வாசலை உயர்த்தலாம் என்றால் மேலே உத்தரம். தரையை இறக்கலாம் என்றால் பட்ட பாடெல்லாம் வீண். கடைசியில் வீராச்சாமிக்குத்தான் பொறி தட்டியது.

"வாசல் இருந்தாத்தானேடா குனிவாங்க?"

மொக்கையன் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

செங்கல், சிமெண்டு, மணல் எல்லாம் உள்ளே இருந்தன. சின்னக்காளையும் உள்ளேதான் இருந்தாக வேண்டும், அவனைத் தனியே விட்டுப் போவது மனுஷத்தனம் இல்லை. ஆகவே மூவரும் உள்ளே இருந்தபடி வாசலை அடைத்துப் பூசி மெழுகினார்கள். அப்படி ஒரு வழவழப்பான சுவரை அவர்களே முன்னால் கட்டியதில்லை.

மறுநாள் காலையில் தவமணி, செங்கமலம், முத்தையா, அவர் மனைவி நால்வரும் வந்து இறங்கினார்கள். செங்கமலம் நேரே அடுப்படிக்குப் போனார். அடுப்படி இல்லை. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தவமணி சுவரைத் தட்டினார். உள்ளேயிருந்து "வாங்கய்யா" என்று மரியாதையாகக் குரல் வந்தது.

கொல்லைப் பக்கம் ஓடினார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மூன்று முகங்கள் வரிசையாக, மோவாயைத் தரையில் ஊன்றிப் படுத்திருந்தன. தரை எழும்பியதில் ஜன்னல் அவர்களுக்குக் காலடியில் இருந்தது.

எப்படியடா வெளியே வருவீர்கள் என்று தவமணி கேட்டார். வீராச்சாமி அதற்கும் யோசித்து வைத்திருந்தான்.

"சுவத்தை இடிக்கணும்யா. ஆனா இது லேசுப்பட்ட சுவரில்ல, நல்ல கொத்தனாரா வேணும். ஊர்ல இப்ப நாங்க மூணு பேருதான் இருக்கோம். நாங்க வெளிய வந்ததும் மொத வேலையா இடிச்சுக் குடுத்துடுறோம்."

கூரையைப் பிரித்து வரலாமே என்று முத்தையா யோசனை சொன்னார். ஓட்டையில் கை வைக்கக் கூடாது என்பது ஐயா உத்தரவு என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். தவமணி தலையில் கை வைத்துக்கொண்டு கடப்பாரை தேடிப் போனார். திருவிழா நாளில் யாரிடம் கடப்பாரை வாங்குவது? ஊரெல்லாம் தேரடியில் இருந்தது.

செங்கமலத்துக்குக் கடப்பாரையைவிடச் சாப்பாட்டுக் கவலைதான் பெரிதாக இருந்தது. சம்பந்தி பசியோடு கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அரிசி, பருப்பு, பாத்திரம், அடுப்பு எல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம். கம்பி இடுக்கில் ஒரு டம்ளர் வரும், பானை வராது. அந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நின்றார். நிமிர்ந்துதான் நின்றார், அதைச் சொல்ல வேண்டும்.

அவர் வெளியிலிருந்து சொல்லச் சொல்ல மூவரும் உள்ளே சமைத்தார்கள், அரிசியும் பருப்பும் ஒருவாறு வெந்தன. பிறகு, "சட்டியில எண்ணெய் ஊத்தி, எண்ணெய் காயட்டும்," என்றார் செங்கமலம். உள்ளே சட்டியைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டார். சட்டியை ஓட்டைக்கு நேரே வைத்திருப்பதாகவும், மேகமாக இருப்பதால் காய நேரமாகும் என்றும் மொக்கையன் சொன்னான். அதை அடுப்பில் வைக்கச் சொல்லி, வெங்காயம் போட்டுப் பொன்னிறமாக வரும்வரை வதக்கச் சொன்னார். ஒரு கை ஜன்னல் வழியாக நீண்டது. ஒத்துப் பார்க்க அம்மாவின் வளையல் ஒன்று வேண்டும் என்றான் வீராச்சாமி.

"கழட்டிக் குடுத்துராதீங்க," என்றார் முத்தையாவின் மனைவி. செங்கமலம் கையை மட்டும் கம்பி ஓரமாக நீட்டிப் பிடித்தார். வீராச்சாமி ஒவ்வொரு வெங்காயத் துண்டாக வளையலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தேறியதை மட்டும் குழம்பில் போட்டான்.

"இப்ப கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டு."

தாளித்தார்கள். கொட்டினார்கள். சொர்ரென்று சத்தம் தரையிலிருந்து வந்தது. எங்கே கொட்டுவது என்று அம்மா சொல்லாததால் களை இல்லாத இடமாகப் பார்த்துக் கொட்டியதாகச் சின்னக்காளை விளக்கினான்.

கடைசியில் ரசம். செங்கமலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"மொக்கையா, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். ரசத்துக்கு உப்புப் பாருப்பா."

மொக்கையன் உப்பு ஜாடியைத் திறந்தான். உள்ளே பார்த்தான். ஜாடியைச் சாய்த்து மறுபக்கமும் பார்த்தான். மூடி வைத்தான்.

"பாத்தியா?"

"பாத்தேம்மா. நல்லா வெள்ளை வெளேர்னு இருக்கு," என்றான்.

செங்கமலம் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் சம்பந்தி இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். சோறும் குழம்பும் கரண்டி கரண்டியாகக் கம்பி வழியாக வந்தன. முத்தையா குழம்புச் சோற்றைப் பேசாமல் சாப்பிட்டார். ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை உறிஞ்சினார். செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"சம்பந்தி," என்றார் முத்தையா மெதுவாக. "இதுல உப்பே இல்ல. இதைக் குடிச்ச பிறகுதான் தெரியுது, கல்யாணத்துல போட்ட ரசத்துல உப்பு இருந்திருக்கு. நல்லாவே இருந்திருக்கு. நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்."

அவர் மனைவி அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார். செங்கமலம் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

சாயங்காலம்தான் கடப்பாரை கிடைத்தது. அதை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார் தவமணி. தாங்கள் கட்டிய சுவரைத் தாங்களே இடிக்க மூவருக்கும் மனசு வரவில்லை. அவர் அதட்டிய பிறகு இடித்தார்கள். அரைச் சுவர் இறங்கியதும் புழுதியோடு வெளியே வந்து, கைகட்டி நின்றார்கள். மூன்று ஓட்டைகளில் அப்பா போட்டது எது என்று வீராச்சாமி கேட்க வாயெடுத்தான். தவமணி கையைக் காட்டி நிறுத்தினார். அன்று அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"ஒண்ணும் பேசாத. காலையில நான் எந்திரிச்சு வந்து பாக்கும்போது எல்லாம் முன்ன இருந்த மாதிரியே இருக்கணும். அவ்வளவுதான்."

அவர் போன பிறகு மூவரும் இடிந்த செங்கல் மேல் உட்கார்ந்தார்கள்.

"முன்னன்னா எதுக்கு முன்னண்ணே?" என்றான் சின்னக்காளை.

"ஐயா வந்து பாத்தாருல்ல, அப்ப எப்படி இருந்துச்சோ அப்படி," என்றான் வீராச்சாமி.

விடிந்ததும் செங்கமலம் காபி போட அடுப்படிக்குப் போனார். எதிரே வழவழவென்று சுவர் நின்றது. கொல்லைப் பக்கம் சுற்றிக்கொண்டு போனார். ஜன்னலில் மூன்று முகங்களும் மோவாயைத் தரையில் ஊன்றிப் படுத்திருந்தன. இரவெல்லாம் வேலை பார்த்த களைப்பு இருந்தாலும் வீராச்சாமியின் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

"எல்லாம் முன்ன இருந்த மாதிரியே வச்சாச்சும்மா," என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "ஒரே ஒரு சந்தேகம். நேத்து நீங்க பாக்கும்போது நடுவுல படுத்திருந்தது நானா, மொக்கையனா?"